பொட்டலத்தின் மேலே எழுதியதும் உள்ளே இருப்பதும்

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அறிவர் கோயிலின் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குன்றின்மேல் ஏறிச் சென்றால் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை ஒன்று உண்டு. சமணத் துறவியர் படுத்த வழவழப்பான கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் தமிழ்பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டுள்ளது. அது கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பது அறிஞர் கருத்து. அந்தச் சில சொற்களில் என்ன இருக்கிறது தெரியுமா? இருக்கை யாருக்காகச் செய்யப்பட்டது, அவர் பிறந்த ஊர் எது, அவ்வூர் எந்த நாட்டைச் சேர்ந்தது, செய்து கொடுத்தவர் யார், செய்த பொருள் என்ன என்னும் விவரங்கள் இருக்கின்றன. இன்றைய சட்டம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தின்மேல் எழுதச் சொல்லும் விவரங்களில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. நிகர எடையும் விலையும் மட்டும் இல்லை. கற்படுக்கை விற்பனைக்கு வந்த பொருள் அல்லவே!

குன்றை விட்டு இறங்கி எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் சரம் சரமாகப் பொட்டலங்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின்மேலும் ஏதேதோ எழுதியிருக்கிறது. எழுதியது உண்மைதானா என்று யார் பார்க்கிறார்கள்? எப்படிப் பார்க்கிறார்கள்? இக்கட்டுரை அதைப் பற்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் லேபிள் என்பது ஓர் அளவீட்டின் முடிவு. அதைச் சரிபார்க்க வேண்டுமானால் மீண்டும் அளந்துதான் ஆக வேண்டும். இந்த எளிய உண்மைக்கு நம் அமலாக்க முறையில் உரிய இடம் கிடைக்கவில்லை.

பொட்டல உணவைக் கண்காணிக்க இரண்டு சட்டங்கள் உள்ளன. உள்ளே இருப்பது என்ன என்பதை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. பழைய 1954-ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2011 ஆகஸ்டில் இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உள்ளே இருப்பது எவ்வளவு என்பதை 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் முன்னதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையும், பின்னதற்குத் தொழிலாளர் துறையும் பொறுப்பு. பிஸ்கட்டின் எடை குறைந்தால் தொழிலாளர் துறையிடம் போக வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லேபிளில் பொய்யோ மயக்கமோ இருந்தால் அதை உணவுச் சட்டம் 'தப்புக் குறியீடு' என்கிறது. அதன் 52-ஆம் பிரிவின்படி மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். காகிதத்தில் இது கடுமையாகவே இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது என்பதை மூன்று வழக்குகளைக் கொண்டு பார்ப்போம்.

முதலாவது திருவள்ளூர் வழக்கு. 2021 டிசம்பரில் சென்னைவாசி ஒருவர் தெருவில் திரியும் விலங்குகளுக்குப் போடுவதற்காக மணலியில் ஒரு கடையில் ஐ.டி.சி. நிறுவனத்தின் 'சன்ஃபீஸ்ட் மேரி லைட்' பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது; உள்ளே எண்ணினால் 15. அவர் விடவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2023 ஆகஸ்டில் ஆணையம் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவாகப் பத்தாயிரமும் தரச் சொல்லி, அந்தத் தொகுதிப் பிஸ்கட்டின் விற்பனையை நிறுத்தவும் உத்தரவிட்டது. செய்தித்தாள்கள் 'ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு லட்சம்' என்று கொண்டாடின.

இயற்பியல் படிப்பவர்களுக்கு இந்த வழக்கில் சுவையான பகுதி வேறு. நாங்கள் எண்ணிக்கையில் விற்பதில்லை, எடையில்தான் விற்கிறோம், எடை 76 கிராம் என்பதே எங்கள் வாக்குறுதி என்று நிறுவனம் வாதாடியது. நிறுத்துப் பார்த்தபோது 15 பிஸ்கட் உள்ள பொட்டலங்கள் 74 கிராம்தான் இருந்தன. உடனே நிறுவனத் தரப்பு 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளைக் காட்டியது. 50 முதல் 100 கிராம் வரையுள்ள பொட்டலத்தில் 4.5 கிராம் வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. எங்களுடையது 2 கிராம்தானே என்றது. அந்தச் சலுகை காலப்போக்கில் ஆவியாகிக் குறையும் பொருள்களுக்குத்தான், பிஸ்கட்டுக்குப் பொருந்தாது என்று ஆணையம் மறுத்துவிட்டதாகச் செய்திகள் கூறின.

தீர்ப்பு நுகர்வோருக்குச் சாதகமானது, மகிழ்ச்சி. ஆனால் 'பிழை' என்ற சொல்லை நிறுவனமும் சரியாகப் பயன்படுத்தவில்லை, ஆணையமும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

பிளஸ் ஒன் இயற்பியலின் தொடக்கத்தில் அளவீட்டுப் பிழைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒழுங்கற்ற பிழை ஒன்று, முறையான பிழை மற்றொன்று. பொட்டலம் கட்டும் இயந்திரம் எவ்வளவு நல்லதானாலும் ஒவ்வொரு முறையும் துல்லியமாக 76 கிராம் போடாது. ஒன்றில் 75, அடுத்ததில் 77, இன்னொன்றில் 76.5 என்று கூடியும் குறைந்தும் வரும். இது ஒழுங்கற்ற பிழை. பல பொட்டலங்களின் சராசரியை எடுத்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். விதிகளில் உள்ள 4.5 கிராம் இந்தத் தடுமாற்றத்துக்காகத் தனிப் பொட்டலத்துக்குக் கொடுத்த இடைவெளியே. ஆவியாவதோடு அதை முடிச்சுப் போட வேண்டியதில்லை. எடையில் விற்கும் எல்லாப் பொட்டலத்துக்கும் அது பொருந்தும்.

ஆனால் அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஆய்வாளர் ஒரு தொகுதியிலிருந்து பல பொட்டலங்களை எடுத்து நிறுக்கும்போது அவற்றின் சராசரி, உறையில் எழுதிய எடைக்குக் குறையக் கூடாது. நிறுவனத்தின் வாதம் விழ வேண்டிய இடம் இதுதான். எல்லாப் பொட்டலமும் 74 கிராம் என்றால் கூடுதல் எங்கே போயிற்று? ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை முறையான பிழை. கடைக்காரரின் தராசில் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருப்பது போன்றது அது. எத்தனை முறை நிறுத்தாலும் வாங்குகிறவருக்கே நட்டம். இரண்டு கிராம் அற்பமாகத் தோன்றலாம். பத்து லட்சம் பொட்டலத்துக்கு அது இரண்டு டன்.

கணக்கில் இன்னொரு விநோதமும் இருக்கிறது. 76-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு பிஸ்கட் 4.75 கிராம். ஆக, ஒரு பிஸ்கட் குறைந்தால் எடை 71.25 ஆகியிருக்க வேண்டும். ஆனால் 74 இருந்தது. அப்படியானால் அந்தப் பிஸ்கட்டுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.93 கிராம். எண்ணிக்கையும் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு தனி வாக்குறுதிகளாக ஓர் உறையின்மேல் அச்சாகியிருந்தன என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஒரு தராசும் கொஞ்சம் வகுத்தலும் இருந்தால் எந்த ஆய்வாளரும் இதைக் கண்டிருக்கலாம். கண்டவர் ஆய்வாளர் அல்லர், நாய்க்குப் பிஸ்கட் போட வந்த ஒரு மனிதர். அமலாக்கத்தைப் பற்றிய என் முதல் குறை இது. கண்ணால் எண்ணத் தெரிகிற பிழை மாட்டிக்கொள்கிறது. தராசில் வைத்தால்தான் தெரிகிற பிழை தப்பிவிடுகிறது.

இனி அளந்தும் தோற்ற கதையைப் பார்ப்போம். நெஸ்லே நிறுவனத்தின் மேகி நூடுல்சை மறந்திருக்க மாட்டீர்கள். 2014-இல் உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கியில் மாதிரி எடுத்தார்கள். உறையில் மோனோசோடியம் குளுட்டமேட் 'சேர்க்கப்படவில்லை' என்று இருந்தது. சோதனையில் அது இருப்பதாகத் தெரிந்தது. கூடவே ஈயம் பத்து லட்சத்தில் 17.2 பங்கு என்று வந்தது, அனுமதி 2.5 தான். 2015 ஜூன் 4 அன்று தமிழ்நாடு அரசு மேகியையும் வேறு சில நூடுல்சுகளையும் மூன்று மாதங்களுக்குத் தடை செய்தது. மறுநாள் நாடு முழுவதும் தடை வந்தது. நிறுவனம் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் திரும்பப் பெற்று அழித்தது.

ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. காரணம் என்ன? நிறுவனத்தின் பக்கத்தைக் கேட்காமலே தடை விதித்தது ஒன்று. சோதனை செய்த கூடங்கள் ஈயத்தை அளக்க உரிய அங்கீகாரம் பெற்றவையாக இல்லை என்பது மற்றொன்று. அங்கீகாரம் பெற்ற மூன்று கூடங்களில் மறுசோதனை நடந்தது. ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. மத்திய அரசு 640 கோடி ரூபாய் கேட்டுத் தொடுத்த வழக்கும் 2024 ஏப்ரலில் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தள்ளுபடியாயிற்று.

இதில் நிறுவனம் வென்றதா, அரசு வென்றதா என்பது எனக்கு முக்கியமில்லை. ஈயம் உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதில் மக்களுக்கு இன்றும் தெளிவில்லை. அளவீட்டின் மீது நம்பிக்கை போனால் அமலாக்கம் முழுவதும் போயிற்று. பத்து லட்சத்தில் சில பங்கு என்னும் அளவில் ஈயத்தை அளப்பது விளையாட்டல்ல. அளக்கும் கருவியைத் தெரிந்த மாதிரிகளைக் கொண்டு அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும்; மாதிரியைக் கரைக்கும் அமிலத்திலும் பாத்திரத்திலும் ஈயம் இல்லை என்று காட்டியிருக்க வேண்டும்; முடிவோடு அதன் பிழை எல்லையும் தரப்பட வேண்டும். செய்முறைத் தேர்வில் பிழை எல்லை எழுதாத மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் குறைக்கிறோம்.

குளுட்டமேட்டின் கதை இன்னும் கேலிக்குரியது. அது தக்காளியில் இயற்கையாகவே இருக்கிறது. புரதத்தைச் சிதைத்துச் செய்யும் சுவைப்பொருள்களிலும் இருக்கிறது. இயற்கையாக வந்த குளுட்டமேட்டையும் தனியாகப் போட்டதையும் சாதாரணச் சோதனையால் பிரித்தறிய முடியாது. எனவே 'சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகவும் இருக்கலாம், படிப்பவரை ஏமாற்றவும் செய்யலாம். எந்தச் சோதனைக் கூடத்தாலும் சரியென்றோ தவறென்றோ காட்ட முடியாத வாசகத்தை உறையில் அச்சிட ஏன் அனுமதிக்க வேண்டும்? சந்தைக்கு வரும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது வழக்கில் ஆபத்து அதிகம். ஏனெனில் அதில் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன எந்தத் தாயும் அறிவாள். உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் ஆக மொத்தம் 20.5 கிராம். இந்த எண்கள் மனம்போனபடி வந்தவை அல்ல. குடலின் சுவர் குளுக்கோசையும் சோடியத்தையும் ஒன்றாகக் கைகோத்து உள்ளே இழுக்கிறது. அவற்றின் பின்னே நீர் செல்கிறது. கரைசலின் அடர்த்தி இரத்தத்தின் அடர்த்தியைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். சவ்வூடு பரவலின் மொழியில் சொன்னால் ஓ.ஆர்.எஸ். கரைசலின் மதிப்பு 245, இரத்தத்தின் மதிப்பு சுமார் 290.

இப்போது லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை கரைத்த ஒரு பானத்தை எடுத்துக்கொள்வோம். சர்க்கரையின் மூலக்கூறு எடை 342. ஆக மதிப்பு 290-ஐத் தொடுகிறது. குடலில் ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் இரண்டாகப் பிரிந்தவுடன் அது 580-ஐத் தாண்டுகிறது. நீர் எந்தப் பக்கம் போகும்? அடர்த்தி மிகுந்த பக்கம், அதாவது உடலிலிருந்து குடலுக்குள். தாகம் தீர்க்கக் கொடுத்த பானம் பிள்ளையின் உடலில் உள்ள நீரையும் வாங்கிக்கொண்டு வெளியேறும்.

இத்தகைய இனிப்புப் பானங்கள் தங்கள் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் என்ன செய்தது? 2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும் பிறப்பித்த உத்தரவுகளில், இது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை அல்ல என்று ஓர் எச்சரிக்கையை உறையில் எழுதிவிட்டால் போதும், பெயர் இருக்கலாம் என்றது. 2025 அக்டோபர் 14 அன்றுதான் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, கலவை சரியாக இல்லாத பானத்தின் பெயரில் அந்த எழுத்துகள் வரவே கூடாது என்றது.

பெரிய எழுத்தில் ஒரு பெயர், பொடி எழுத்தில் அதற்கு மறுப்பு! இதை ஒப்புக்கொண்டவர்கள், நள்ளிரவில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக் கடையில் நிற்கும் தாயை நினைத்துப் பார்க்கவில்லை. அவள் படிப்பது அந்த மூன்றெழுத்தைத்தான். கலவை சரியா என்று பார்க்க அங்கே ஓர் உறுதியான அளவுகோல் இருந்தது, நான்கு எண்கள் கொண்ட அளவுகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி மீண்டும் சித்தன்னவாசல் பெட்டிக்கடைக்கு வருவோம். மாணவர்களோடு ஒருமுறை அங்கே போயிருந்தபோது, வாங்கிய ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு மாணவி, "ஐயா, இதில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்றே இல்லையே, இது தப்பில்லையா?" என்று கேட்டாள். சட்டப்படி அது தப்பாக இல்லாமலும் இருக்கலாம். 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள், மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. பொருட்பட்டியல், தொகுதி எண், ஊட்டச்சத்து விவரம் ஆகியவை அதன்மேல் இருக்க வேண்டியதில்லை. பல பொட்டலங்களை அடைத்துவரும் பெரிய உறையின்மேல் இருந்தால் போதும். 7 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பையின் இரு பக்கமும் சேர்ந்து 98 சதுர சென்டிமீட்டர். எடையளவு விதிகளிலோ 10 கிராமுக்கு மேற்படாத பொட்டலத்துக்கு விலக்கு.

அந்தப் பெரிய உறை என்ன ஆகிறது? கடைக்காரர் காலையில் கிழித்துப் போட்டுவிடுகிறார். விவரங்கள் குப்பையோடு போய்விடுகின்றன. திருவள்ளூர் ஆணையம் ஒரு குறிப்பிட்ட தொகுதியின் விற்பனையை நிறுத்தச் சொன்னதே, தொகுதி எண்ணே இல்லாத பொட்டலத்தை எப்படி நிறுத்துவது? இடம் போதாது என்பது இந்த விலக்குக்குச் சொல்லும் நியாயம். ஆனால் அதே பொட்டலத்தில் நடிகர் படத்துக்கும் நட்சத்திரங்களுக்கும் இடம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட எடைப்பிழையும் சிறு பொட்டலத்துக்கே விகிதத்தில் அதிகம். 50 கிராம் வரை 9 சதவீதம். ஒரு கிலோவுக்கோ 1.5 சதவீதம். இயந்திரத்தின் தடுமாற்றம் சிறிய அளவில் பெரிதாகத் தெரியும் என்பதால் இதில் இயற்பியல் நியாயம் உண்டு. ஆயினும் எல்லா விலக்குகளும் ஒன்றுசேர்ந்து, மொத்தமாக வாங்க இயலாதவர் கையிலேயே விவரம் மிகக் குறைந்த பொட்டலத்தைக் கொண்டுபோய் வைக்கின்றன.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேபிளின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை; கட்டாயமும் இல்லை. அன்னவாசல் வட்டாரத்தில் தமிழ்வழியில் படிக்கும் ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பது ஆங்கிலத்தில்தான் சொல்லப்படுகிறது. விளம்பர வாசகம் மட்டும் கொட்டை எழுத்தில் தமிழில் வந்துவிடுகிறது! தமிழில் அச்சிடத் தெரியாமல் இல்லை. லேபிளைப் படித்து வாங்குங்கள் என்று விழிப்புணர்வு வாரம் நடத்தும் அரசு, படிக்கக்கூடிய மொழியில் லேபிள் வேண்டும் என்று ஏன் வற்புறுத்தக் கூடாது?

அலுவலர்களின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் எல்லைக்குள் உணவகம், இறைச்சிக் கடை, தண்ணீர்க் கேன், திருவிழா அன்னதானம் எல்லாம் அடங்கும். மாதிரி எடுத்தால் அதை நான்கு பகுதியாக்கி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும், பகுப்பாய்வாளர் பதினான்கு நாளில் அறிக்கை தர வேண்டும், பிறகு விசாரணை. இத்தனைக்கும் பிறகு கிடைத்த முடிவு பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எத்தனை வழக்கு, எவ்வளவு அபராதம் என்ற கணக்கு நமக்கு வருகிறது. எந்தப் பொருள், எந்தத் தொகுதி, எத்தனை பொட்டலம் நிறுக்கப்பட்டன, சராசரி எவ்வளவு, எந்தக் கூடம் அளந்தது, அதன் பிழை எல்லை என்ன என்பவை வருவதில்லை. மாவட்டந்தோறும் மாதம் ஒருமுறை இந்த எண்களைத் தமிழில் வெளியிட்டால், அபராதத்துக்கு அஞ்சாத நிறுவனமும் அந்தப் பட்டியலுக்கு அஞ்சும்.

அதுவரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருக்கும். ஒரே பொருளில், ஒரே தொகுதி எண்ணில் பத்துப் பொட்டலம் வாங்குங்கள். பிரிக்காமல் ஒவ்வொன்றையும் நிறுங்கள். பிறகு பிரித்து, வெறும் உறையைத் துடைத்து நிறுத்துக் கழியுங்கள். பத்து நிகர எடைகளின் சராசரியை எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஒரு பொட்டலம் குறைந்தால் அவசரப்பட வேண்டாம். கூடுதலே இல்லாமல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அட்டவணையோடு தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். உள்ளே இருக்கும் பொருளைப் பற்றியே ஐயம் என்றால், உணவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். குற்றம் இருப்பது தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ரசீதையும் உறைகளையும் எறிந்துவிடாதீர்கள். தொகுதி எண் அந்த உறையில்தான் இருக்கிறது.